என் கையெழுத்தில் ஒரு தைல நோட்டீஸ்

ஜூன் 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். மழை சரியாகப் பிடிப்பதற்குள்ளேயே சமையலறை ஓடு ஒழுக ஆரம்பித்துவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸ் மேஸ்திரியிடம் வீட்டுக்காரர் சொல்லி எட்டு நாள். கீழே குண்டான் வைத்திருக்கிறேன்.

இன்றைய வேலை: 'ழ' நாற்பது. வீட்டுப்பாடம் மகள் சரோஜாவுக்கு இல்லை, எனக்கு. வயது முப்பத்திரண்டு.

பிரஸ்காரர் பத்து மணிக்கு மறுபடி சைக்கிளில் வந்தார். (இனி பி.கா. என்றே எழுதுவேன். அவருக்காக அவ்வளவு மை செலவழிக்க முடியாது.) சனிக்கிழமை கொடுத்த 'ழ' சரியில்லையாம்.

"ரொம்ப அழகா எழுதிட்டீங்கம்மா. அழகு வேணாம். அன்னிக்கு என்னைத் திட்டி எழுதினீங்களே, அந்த ழ வேணும்."

திட்டி எழுதியது வாஸ்தவம். சித்திரை உற்சவ நோட்டீஸில் ஏழு பிழை. சிகந்திராபாத் தமிழர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மார்க்கெட் தெரு பிரஸ்ஸுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். வேறு மனிதராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். பி.கா. அந்தக் கடுதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு லாலாகுடாவில் எங்கள் வீடு வரை மிதித்து வந்து, "இந்தக் கையெழுத்தை எனக்குக் கொடுப்பீங்களா?" என்றார். பிழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விஷயம் இதுதான். நான் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் மதராஸுக்கு அனுப்பி ஈயத்தில் வார்த்து வாங்கப் போகிறார். பிறகு எதை வேண்டுமானாலும் கோத்து அச்சடிக்கலாம். பார்ப்பவர்களுக்குக் கையால் எழுதினது போலவே இருக்கும். "அச்சுன்னு தெரிஞ்சா ஜனங்க தூக்கிப் போட்டுடறாங்கம்மா. கடுதாசின்னா கடைசி வரி வரைக்கும் படிப்பாங்க."

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சரி சொல்லிவிட்டார். எழுதப் போவது இவரா என்ன.

ஜூன் 16, புதன்

மழை இல்லை. புழுக்கம். வடாம் போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

பி.கா. போட்ட சட்டங்கள்:

எழுத்துக்கு எழுத்து தொடக்கூடாது.
கோட்டுக்கு மேலே கீழே போகக்கூடாது. 'ஞ' போகலாம், கொஞ்சம்.
கொம்பு தனியாக, கால் தனியாக, புள்ளி தனியாக.
ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு.
நிதானமாக எழுதவேண்டும். அவசரத்தில் எழுதினது போல இருக்கவேண்டும்.

கடைசியை இவருக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம கல்யாணத்துல போட்டோ பிடிக்கறவன் உன்னை இயல்பா சிரிக்கச் சொன்னானே, அப்படி" என்றார். அந்தப் போட்டோவில் நான் பல்வலிக்காரி போல இருப்பேன்.

சரோஜா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மேஜையைப் பார்த்தாள். "கைக்கு அம்மா இத்தனை ழ? ஒண்ணு போதாதா?" (கைக்கு என்றால் இந்த ஊர் உருதுவில் ஏன்.) நீயும் உட்கார்ந்து பத்து எழுது, தமிழ் வரட்டும் என்றேன். "நக்கோ", வேண்டாமாம், ஓடிவிட்டாள். ஒன்பது வயதுக்கு உருது, தெலுங்கு இரண்டும் வாய் நிறைய. தமிழில் பசிக்குது மட்டும்தான் சுத்தமாக வரும்.

துதிக்கை போட்ட 'லை' வரவே மாட்டேன் என்கிறது. கடுதாசியில் யோசிக்காமல் வந்துகொண்டிருந்ததுதான். இப்போது அதையே பார்த்துக்கொண்டு எழுதினால் ஒவ்வொன்றும் யாரோ எழுதினது போல.

ஜூன் 19, சனி

அஞ்சலைக்குக் கடுதாசி எழுதும் நாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை.

இதை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. இன்று எழுதுகிறேன். கை ஏற்கெனவே மையில்தான் இருக்கிறது.

அடுத்த வரிசையில் மூன்றாம் வீடு. புருஷன் மாணிக்கம், ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை. நல்ல பிள்ளை. அஞ்சலை கும்பகோணத்துப் பக்கம். அம்மா இல்லை, அப்பா வெற்றிலை வியாபாரி. அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். அக்காவின் மாமியார் வீட்டிலிருந்து மாதா மாதம் "யாவரும் சௌக்கியம், உங்கள் பெண் சௌக்கியம்" என்று அவர்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் வந்தது அவள் செத்துப்போன தகவல். பட்டினி என்று சொல்கிறார்கள். அஞ்சலை அதற்கு மேல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அதனால் அவள் அப்பா இந்தக் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நிஜாம் ராஜ்யத்துக்குப் போகிறவள் தன் கையாலேயே கடுதாசி எழுதவேண்டும். வேறு கையில் ஒரு கடுதாசி வந்தால் அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று. ஒரு மாசத்துல கத்துக் கொடுத்துடறேன் மாமா என்று மாணிக்கம் வாக்குக் கொடுத்துவிட்டான். அவனுக்கே கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

வந்த புதிதில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு கடுதாசிதானே என்று எழுதினேன். நாலு வருஷம் ஆகிறது. கும்பகோணத்தைப் பொறுத்தவரை என் கையெழுத்துதான் அஞ்சலை.

இன்று: மழை, மாணிக்கத்துக்கு இரவு ஷிப்ட், கத்தரிக்காய் கிடைக்கவில்லை, யாவரும் நலம். எழுதும்போது 'லை' நன்றாகவே வந்தது. எரிச்சலாக இருந்தது.

ஜூலை 12, திங்கள்

எழுத்து மதராஸிலிருந்து வந்துவிட்டதாம். இவரும் நானும் பிரஸ்ஸுக்குப் போனோம். போகும் வழியில் மாரெட்பள்ளியில் ஜட்கா சக்கரம் சேற்றில் மாட்டி, இறங்கி நடந்து, புடவை ஓரமெல்லாம் சகதி.

உள்ளங்கை நிறைய ஈயக்குச்சி அள்ளிக் கொடுத்தார் பி.கா. ஒவ்வொரு நுனியிலும் என் எழுத்து, இடம் வலம் மாறி. சில்லென்று இருந்தது. கம்பாசிட்டர் ஒரு வரி கோத்து, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தார். "இங்கு யாவரும் நலம்." அவருக்கு முதலில் தோன்றியது அது.

என் கையெழுத்துத்தான். சந்தேகமே இல்லை. நான் எழுதாதது. தாளைக் கவிழ்த்து வைத்தேன். என்னவோ போல இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். பசியாக இருக்கும் என்றார்.

பி.கா. இதை எதற்கெல்லாம் பயன்படுத்தப் போகிறார் என்று விரலை மடக்கிச் சொன்னார்: கல்யாணப் பத்திரிகை (நேரில் வந்து கூப்பிட்ட மாதிரி இருக்கும்). தைல நோட்டீஸ். அப்பளப் பொட்டலம் (வீட்டில் செய்த மாதிரி). நாடக விளம்பரம். ஊறுகாய்ச் சீட்டு. பள்ளிக்கூட ஆண்டு விழா அழைப்பு.

எதற்குக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் ஒரு தட்டு லட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, வியாழன்

வெயில். துணி மூன்று நாளைக்குப் பிறகு காய்ந்தது.

சரோஜாவுக்கு இவர் வேர்க்கடலை வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்தால் நான்.

கார்குழல் தைலம். நோட்டீஸ் முழுவதும் என் கையெழுத்தில் ஒரு கடிதம்: "அன்புள்ள அக்காவுக்கு, இங்கு யாவரும் நலம். என் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. வெளியில் தலைகாட்ட வெட்கமாக இருந்தது. இந்தத் தைலம் தடவி ஒரு மாதத்தில்..." என்று போய், கடைசியில் "உன் அன்புத் தங்கை, ஹைதராபாத்."

எனக்கு அக்கா கிடையாது. எனக்கு முடி கொட்டவும் இல்லை.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயில் நாலு பேர் என் தலையையே பார்க்கிறார்கள். என் கையெழுத்து இந்தக் குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரியும், பஜனை மடத்துக் கணக்குப் பலகை எழுதுவது நான்தான். "பாவம், எப்பலேர்ந்து?" என்றாள் கடைசி வீட்டுக்காரி. கொண்டையை அவிழ்த்துக் காட்டினேன். பிறகுதான் தெருவில் நிற்கிறோம் என்று உறைத்தது.

இவர் சிரித்து சிரித்து இருமினார். "அடுத்தது மூலத்துக்கு மருந்து விளம்பரம் வரும், பாரு."

ராத்திரி இவருக்குச் சாதம் மட்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 21, சனி

இதுவரை என் கையெழுத்தில் வந்தவை, கண்ணில் பட்டவை மட்டும்:

ஊறுகாய். இரண்டு கல்யாணம். ஒரு புட்டுமாவு. "சைக்கிளை இங்கே சாய்க்காதே." ஒரு லாட்ஜ் ("வாருங்கள், உங்கள் வீடு போல"), அதைப் பார்த்து இவர் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. ஒரு கருமாதிப் பத்திரிகை.

கருமாதிப் பத்திரிகையைப் பார்த்ததும் நேரே பிரஸ்ஸுக்குப் போய்விட்டேன். யாரென்று தெரியாத ஒரு மனிதர் சிவலோகப் பதவி அடைந்ததை நான் கையால் எழுதி ஊருக்கு அனுப்பினது போல இருக்கிறது. இதற்கெல்லாம் நிமிர்ந்து நிற்கிற பழைய அச்செழுத்து இருக்கிறதே, அதில் போட்டால் என்ன? துக்கத்துக்கு ஒரு விறைப்பு வேண்டாமா?

"அவங்கதாம்மா கேட்டாங்க. மனசைத் தொடுதாம்."

"யார் மனசை?"

பி.கா. பேச்சை மாற்றினார். தைலக்காரர் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே ஏஜெண்ட் போட்டுவிட்டார், இரண்டாம் தடவை அச்சு என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு ஒரு பாட்டில் இனாம். வாங்கி வந்து அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

(செப்டம்பரில் சேர்த்தது: தஞ்சாவூர் ஜில்லாவில்தான் கும்பகோணம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இத்தனை படித்தும் புத்தி எங்கே போயிற்று?)

செப்டம்பர் 3, வெள்ளி

நல்ல மழை. அஞ்சலை நனைந்துகொண்டே ஓடி வந்தாள். கையில் கார்டு. அப்பாவிடமிருந்து. அவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்ல, பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதியிருக்கிறார். படித்துச் சொன்னேன். அப்படியே இங்கே:

"மகள் அஞ்சலைக்கு. கடைவீதியில் ஒரு தைல நோட்டீஸ் பார்த்தேன். உன் கையெழுத்து. வாத்தியாரிடம் படிக்கச் சொன்னேன், ஹைதராபாத் என்று இருக்கிறது. உனக்கு முடி கொட்டினதை ஏன் எனக்கு எழுதவில்லை? இன்னொன்று. உன் கடுதாசியில் ஒரு எழுத்து மாதிரி இன்னொரு எழுத்து இருக்காது. இதில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு இடத்தில்கூட கை அசையவில்லை. யார் உன் கையைப் பிடித்து எழுத வைத்தார்கள்? மறைக்காமல் எழுது."

இரண்டு தடவை படித்தேன். எழுத்தே தெரியாத மனிதர். கடைவீதியில் தூக்கி எறிந்த தாளைப் பார்த்து மகள் கை என்று கண்டுபிடித்திருக்கிறார். அதோடு அந்தக் கை சரியாக இல்லை என்றும்.

"அக்கா, என்ன செய்யறது?"

எனக்கு எப்படித் தெரியும்? அவளிடம் கோபித்துக்கொண்டேன். பிறகு காபி போட்டுக் கொடுத்தேன். ஐந்து மாதம் அவளுக்கு, ஈரத்தோடு நிற்கக்கூடாது.

செப்டம்பர் 4, சனி

பதில் எழுத உட்கார்ந்தோம். எழுதி என்ன பிரயோஜனம்? நான் எழுதினால் அதே கையெழுத்து. "என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை அப்பா" என்று அதே கையெழுத்தில் போனால் அதையும் கையைப் பிடித்து எழுத வைத்தார்கள் என்பார். வேறு யாராவது எழுதினால் அன்றைக்கே புறப்பட்டு வந்துவிடுவார். அதுதானே நிபந்தனை.

உண்மையை எழுதலாம் என்றேன். அஞ்சலை முகம் வெளிறிவிட்டது. "நாலு வருசம் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா என்னை இங்க விடவே மாட்டார்க்கா. எங்க அக்கா கதைதான் இதுவும்னு நினைப்பார். நான் போக மாட்டேன். எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல."

ஒன்றும் எழுதாமல் எழுந்தோம். மாணிக்கம் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தான். சிரித்த முகம். பிரச்சினையைத் தீர்த்துவிட்டானாம். பட்டறையிலிருந்து நேரே தந்தி ஆபீஸ் போய் மாமனாருக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"தந்தியில கையெழுத்தே இருக்காதுல்ல அக்கா? 'அஞ்சலை சௌக்கியம்'னு ரெண்டே வார்த்தை."

தலையில் அடித்துக்கொண்டேன். அவன் தலையில் அடித்திருக்கவேண்டும். தந்திச் சேவகன் தெருமுனையில் திரும்பினாலே ஒப்பாரி வைக்கிற ஊர் அது. பிரித்துப் படிக்கிறதுக்குள் அந்த மனிதருக்கு உயிர் போய்விடாதா? படித்தாலும் நம்புவாரா? ஒருத்தி சௌக்கியமாக இருந்தால் அவள் சௌக்கியம் என்று யாராவது தந்தி கொடுப்பார்களா?

மாணிக்கம் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. மேலே திட்ட மனசு வரவில்லை.

செப்டம்பர் 9, வியாழன்

வந்துவிட்டார்.

மதராஸ், பெஜவாடா, காஜிபேட்டை என்று வண்டி மாறி மாறி. காலை ஒன்பது மணிக்கு வரிசை வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டு, "அஞ்சலை வீடு எது?" என்று. ஒல்லி. குட்டையான மனிதர். விரல் நுனியெல்லாம் வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கிள்ளிக் கறுத்திருக்கிறது. தோளில் பெரிய துணி மூட்டை. வெற்றிலை என்று நினைத்தேன்.

அஞ்சலை ஓடி வந்தாள். அவர் முதலில் அவள் தலைமுடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு வலது கையை எடுத்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயம் தேடுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. உள்ளே போய்விட்டேன். அங்கே நிற்க முடியவில்லை.

மத்தியானம் அஞ்சலை வந்து சொன்னாள். மூட்டையில் இருப்பது நோட்டீஸ். கும்பகோணம் கடைவீதியில் கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். பொண்ணு கையெழுத்து தெருவில் மிதிபடக்கூடாதாம்.

சாப்பிட்டாரா என்றேன். இல்லையாம். பானை, அடுப்பு, அரிசி டப்பா எல்லாம் திறந்து பார்த்தாராம். மாணிக்கத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பி.கா.வை நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அவரைச் சொல்லி என்ன? நாற்பது 'ழ' எழுதிக் கொடுத்தது நான்தானே.

செப்டம்பர் 10, வெள்ளி

காலையில் நடந்தது. அஞ்சலை அழுதுகொண்டே சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

பெரியவர் ஒரு தாளும் பென்சிலும் அவள் முன்னால் வைத்தார். "யாரும் பக்கத்துல இல்ல. மாப்பிள்ளையை வெளிய அனுப்பிட்டேன். உன் பேரை எழுதும்மா. நான் பார்க்கணும்."

இவள் பென்சிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவரும் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில், "எனக்கு எழுதத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டாள். யார் எழுதினது என்றும் சொல்லிவிட்டாள்.

அவர் சத்தம் போடவில்லை. அவள் துணியை எடுத்து மடித்து வைத்தார். நாளை மறுநாள் வண்டி. கூட்டிக்கொண்டு போகிறார். மாணிக்கம் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வேலைக்குப் போகவில்லை.

இவர் போய்ப் பேசிப் பார்த்தார். "மாப்பிள்ளை தங்கமான பையன், நான் உத்தரவாதம்" என்றாராம். பெரியவர், "மூத்தவளுக்கும் ஊர்ல நாலு பேர் உத்தரவாதம் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். சரோஜா கூட.

செப்டம்பர் 11, சனி

இப்போதே எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறந்து வேறு மாதிரி எழுதுவேன்.

பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன். அவள் வீட்டுப் பானையெல்லாம் திறந்து பார்த்தீர்களே, என்ன குறை கண்டீர்கள்? எழுதத் தெரியாதது ஒரு குற்றமா? அவள் சொன்னதைத்தான் எழுதினேன், ஒரு வார்த்தை கூட்டினதில்லை. அஞ்சு மாதக்காரியை மூன்று வண்டி மாற்றி இழுத்துக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறீர்கள்? குரல் நன்றாகவே உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் உலக்கைச் சத்தம் நின்றது.

முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு துணிப் பை எடுத்தார். நாலு வருஷத்துக் கடுதாசி, அடுக்கு மாறாமல். வெற்றிலை அடுக்குகிற மாதிரி விரலால் தள்ளித் தள்ளி, நடுவிலிருந்து ஒன்றை உருவினார். அவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. எதை எடுக்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

"இது உன் கைதானே?"

"ஆமாம்."

"இது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கும்மா. கோணக்கோணலா. இங்க பாரு, இழுத்துட்டுப் போயிருக்கு. வாத்தியார் படிச்சப்ப எல்லாம் சுகம்னுதான் வந்துச்சு. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

வாங்கிப் பார்த்தேன். போன வருஷத்துக்கு முந்தின மார்கழி. நாலே வரி. குளிர் அதிகம். யாவரும் சுகம்.

அன்றைக்கு அஞ்சலைக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்து மூன்றாம் நாள். பாயில் படுத்துக்கொண்டே, "சுகம்னு எழுதுங்கக்கா, அப்பாவால தாங்க முடியாது" என்றாள். நான் எழுதினேன். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டினது நான். ஆண் குழந்தை. எழுதும்போது கை நிற்கவே இல்லை. இரண்டு தாள் கிழித்துவிட்டு மூன்றாவது இது.

சொல்லிவிட்டேன். அஞ்சலை அனுமதி கொடுக்கவில்லை, ஆனாலும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த நோட்டில்கூட அதை நான் எழுதினதில்லை.

பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மூத்தவளுக்கு அந்தக் கணக்குப்பிள்ளை எழுதின கடுதாசி எல்லாம் வச்சிருக்கேம்மா. ஒரு நாள் கூட அவன் கை நடுங்கல. கடைசி வாரம் வரைக்கும் முத்து முத்தா எழுதியிருக்கான்."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தத் தைல நோட்டீஸைப் பார்த்ததும் அந்த நினைப்புதான் வந்துச்சு. அதான் ஓடி வந்தேன்."

எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ இங்கயே இருக்கட்டும். நீ பக்கத்துல இருக்கே" என்றார். பிறகு ஒரு தரம் திரும்பி, "உன் கையை ஏம்மா அவனுக்குக் கொடுத்தே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

செப்டம்பர் 14, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை. ஓடு மாற்றிவிட்டார்கள், ஒரு வழியாக.

பெரியவர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டார். மாணிக்கம் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போன மூட்டையில் அரிசி, பருப்பு. நோட்டீஸ் கட்டு எங்கள் வீட்டில். வெந்நீர் அடுப்புக்கு ஆகிறது.

இன்று பிரஸ்ஸுக்குப் போனேன். எழுத்தை உருக்கிவிடுங்கள் என்று சொல்வதற்காக. பி.கா. ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி வாழ்த்தை என் கையெழுத்தில் கோத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன், அஞ்சலை பேரைச் சொல்லாமல். எழுத்துத் தெரியாத ஒருவரே கண்டுபிடித்துவிட்டார், எல்லா எழுத்தும் ஒரே அச்சாக இருக்கிறது என்று. இது ஏமாற்று வேலை. நிறுத்துங்கள்.

பி.கா. கையில் இருந்ததைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது.

"அப்படியா சொன்னார்? எவ்வளவு கரெக்ட்! ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு மூணு தினுசு வார்த்துட்டா? ஒரு வரியில மாத்தி மாத்திக் கோக்கலாம். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. இன்னும் ரெண்டு செட்டு எழுதித் தர்றீங்களாம்மா?"

அங்கேயே ஒரு ஈயக்குச்சியை எடுத்து அவர் மேல் எறிந்துவிட்டேன். 'ஞ' என்று நினைக்கிறேன். குனிந்து தேடி எடுத்துத் துடைத்து அதன் அறையில் போட்டார். உருக்கமாட்டாராம். ஈயம் அவருடையதாம்.

கருமாதிக்கு மட்டும் இனி போடமாட்டேன் என்றார். பஜனை மடத்துப் பலகையை நான் அடுத்த மாதத்திலிருந்து எழுதப் போவதில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

செப்டம்பர் 18, சனி

கடுதாசி நாள். வெயில் பரவாயில்லை. அஞ்சலை சுண்டல் கொண்டு வந்தாள்.

பேனாவை எடுத்தால் எழுத்து வரமாட்டேன் என்கிறது. ஒரு மனிதர் வரியைப் படிக்காமல் என் கையைப் பார்ப்பார் என்று தெரிந்த பிறகு எப்படி எழுதுவது? "அன்புள்ள அப்பாவுக்கு" வரையில் மூன்று தாள் போயிற்று. பல்வலிக்காரி போட்டோ மாதிரி ஆகிவிட்டது, இவரிடம் சொன்னால் சிரிப்பார். அஞ்சலையிடம் எரிந்து விழுந்தேன்: "சீக்கிரம் சொல்லித் தொலை, என்ன எழுதணும்?"

வழக்கமாக மழையில் ஆரம்பிப்பாள். இன்று சுண்டல் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு அப்பா புறப்படறப்ப, பயமா இருக்காம்மான்னு கேட்டார்க்கா. இல்லப்பான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"சரி."

"இருக்குன்னு எழுதுங்க. ஏழாம் மாசம் வரப்போவுதுன்னு நினைச்சாலே ராத்திரி தூக்கம் இல்லைன்னு எழுதுங்க. அவரை வந்து கூட இருக்கச் சொல்லுங்க. உங்க அழகு நடையில வேணாம், நான் சொன்ன மாதிரியே எழுதுங்க."

எழுதினேன். 'பயமாக இருக்கிறது' என்ற இடத்தில் மை தீற்றிவிட்டது. வேறு தாள் எடுக்கப் போனேன். வேண்டாம்க்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியே மடித்து, நாலு மணித் தபாலில் போட்டாயிற்று.